விபத்துக்குப் பிறகு எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது? வேலூர்க் குடும்பங்களுக்காக

பிணவறை வாசலில் உட்கார்ந்திருந்த அண்ணியின் மடியில் ஒரு பாலிதீன் கவர் இருந்தது. உள்ளே அண்ணனின் செல்போன், பர்ஸ், ஒற்றைச் செருப்பு. போஸ்ட்மார்ட்டம் முடிய இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். அந்த நேரத்தில்தான் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ ஒண்ணும் கவலைப்படாதம்மா, எல்லாம் நான் பார்த்துக்கறேன், இதுல மட்டும் ஒரு கையெழுத்து" என்று நாலைந்து தாள்களை நீட்டினார். நிரப்பாத வக்காலத்து இரண்டு, எதுவும் எழுதாத பத்திரத்தாள் ஒன்று. அண்ணி பேனாவைக் கையில் வாங்கியே விட்டார். நான் போய் அந்தப் பேனாவைப் பிடுங்கினேன்.

இறந்தவர் என் பெரியப்பா மகன். டைல்ஸ் போடுகிற மேஸ்திரி. சத்துவாச்சாரியில் வேலை முடித்து, சர்வீஸ் ரோடு வழியாக பைக்கில் காட்பாடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். எதிர்த்திசையில் ஏறி வந்த மினி வேன் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. டீக்கடைக்காரர் ஒருவர் வண்டி நம்பரை சிகரெட் அட்டையின் பின்னால் குறித்து வைத்திருந்தார். அந்த அட்டை இல்லாவிட்டால் எங்கள் வழக்கே வேறு மாதிரி போயிருக்கும்.

சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலை வேலூரைக் குறுக்கே பிளந்துகொண்டு போகிறது. கிரீன் சர்க்கிளில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். லாரி, பஸ், ஆட்டோ, ஆஸ்பத்திரிக்கு வந்த வெளியூர்க்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒரு கிலோமீட்டர் சுற்றிவர மனமில்லாமல் சர்வீஸ் ரோட்டில் எதிரே வருவது இங்கே பழக்கமாகவே ஆகிவிட்டது. 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன, 17,884 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அந்த 17,884 வீடுகளிலும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருப்பார். எந்தத் தாள் எந்தக் கதவைத் திறக்கும், எதை மூடும் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தெரிவதில்லை. நான் வக்கீல் இல்லை. அண்ணியோடு சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்துக்கு வருடக்கணக்கில் நடந்ததில் கற்றுக்கொண்டதை வைத்து, இருக்கிற வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதுகிறேன்.

முதலில் சிகிச்சைச் செலவு. இதைப் பலரும் இழப்பீட்டோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. 2025 மே மாதம் மத்திய அரசும் 7 நாட்கள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லா சிகிச்சை என்று ஒரு திட்டத்தை அறிவித்தது. இவற்றைப் பயன்படுத்திக்கொண்டதால் பிறகு இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது. அதனால் தயங்கவே வேண்டாம்.

இனி இழப்பீடு. பெரும்பாலான வீடுகளுக்கு முதலில் தேடி வருவது 'பேசி முடிச்சுக்கலாம்' என்கிற வழி. வண்டிக்காரர் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். காரியச் செலவுக்கு ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ கொடுத்து, "எங்களுக்கு வழக்கு எதுவும் வேண்டாம்" என்று எழுதி வாங்குவார். கையில் உடனே பணம் வருகிறது, அலைச்சல் இல்லை. துக்க வீட்டில் அது பெரிய விஷயமாகத்தான் தெரியும், அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றம், அதாவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு, இரண்டு தரப்பும் சமாதானமாகிவிட்டோம் என்று எழுதிக் கொடுத்து முடிக்கக்கூடிய குற்றமே இல்லை. அது போலீஸ் நடத்துகிற வழக்கு. அந்தக் காகிதத்தால் வண்டிக்காரருக்குக் குற்ற வழக்கில் பெரிய பலன் கிடையாது, உங்களுக்கோ இழப்பீட்டு வழக்கில் தலைவலி. இன்னொன்று, இழப்பீட்டைக் கட்டப்போவது பெரும்பாலும் அவர் இல்லை, அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி. அப்படியிருக்க அவர் தருகிற ஒரு லட்சத்துக்காக முழு உரிமையையும் ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்? மனிதாபிமானத்தில் காரியச் செலவுக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். கையெழுத்து மட்டும் போடாதீர்கள்.

இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-வது பிரிவு இருக்கிறது. இறந்தால் 2 லட்சம், படுகாயம் என்றால் 50,000. 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தொகை. அதற்கு முன்னால் 25,000, 12,500 என்றிருந்தது. விண்ணப்பம் போக வேண்டிய இடம் நீதிமன்றம் இல்லை, வருவாய்த் துறை. தாசில்தார் அல்லது கோட்டாட்சியர் மட்டத்தில் விசாரித்து, கலெக்டர் உத்தரவு போடுவார். சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸுக்குத் தினம் வந்துபோகிற பலருக்கும் இப்படி ஒரு விண்ணப்பம் இருப்பதே தெரியாது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. ஒரு மாதத்துக்குள் வண்டி எது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால், இந்தத் திட்டத்தைப் பற்றிக் குடும்பத்துக்கு ஸ்டேஷனிலிருந்து எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அப்படிக் கடிதம் வராவிட்டால் நீங்களே போய்க் கேளுங்கள். பின்னால் வண்டி பிடிபட்டு முழு இழப்பீடு கிடைத்தால், இந்த 2 லட்சத்தைத் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். இதை வாங்குவதால் பெரிய கதவு மூடாது.

அதற்காக, நம்பர் கிடைக்கவில்லை என்று முதல் வாரத்திலேயே 161-க்குப் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். கடைகளின் சிசிடிவி பதிவு சில நாட்களில் தானாகவே அழிந்து மேலே புதுப்பதிவு ஏறிவிடும். காரியம் முடியட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் ஆதாரம் போய்விடும். துக்கத்தில் இல்லாத ஒருவர், ஒரு மச்சானோ நண்பரோ, மறுநாளே அந்தச் சாலையில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். டோல்கேட் கேமராவைப் பார்க்கச் சொல்லிப் போலீசிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு சிகரெட் அட்டை கிடைத்தது, எல்லாருக்கும் கிடைக்காது.

வண்டி தெரிந்துவிட்டது, அதற்கு இன்சூரன்சும் இருக்கிறது என்றால் இரண்டு வழி. இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

164-வது பிரிவில் தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை. இறந்தால் 5 லட்சம், படுகாயத்துக்கு இரண்டரை லட்சம். 166-வது பிரிவில் அந்த வண்டி ஓட்டியவரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். தொகைக்கு உச்சவரம்பு இல்லை. கேட்டால் 5 லட்சம் சுலபமாகத் தெரியும். கம்பெனியிலிருந்து ஆள் வந்து, "கோர்ட்டுக்கு எதுக்கும்மா, அஞ்சு லட்சம் உடனே வாங்கிக்கோங்க" என்பார். ஆனால் 164-ன் தொகையை ஏற்றுக் கையெழுத்துப் போட்டால், மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் போட்ட 166 மனு அதோடு காலாவதியாகிவிடும் என்று சட்டமே சொல்கிறது. 161-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அங்கே கதவு திறந்தே இருக்கும், இங்கே பூட்டிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரியும். இறந்தவருக்கு 38 வயது, சொந்தத் தொழில், மாத வருமானம் 15,000 என்று வைத்துக்கொள்வோம். மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என நான்கு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். உச்ச நீதிமன்றத்தின் 2009 சரளா வர்மா தீர்ப்பும் 2017 பிரணய் சேத்தி தீர்ப்பும் காட்டிய முறை இது. 40 வயதுக்குக் கீழே சொந்தத் தொழில் செய்தவர் என்றால், எதிர்கால வளர்ச்சிக்காக வருமானத்தோடு 40 சதவீதம் கூட்ட வேண்டும். 15,000 என்பது 21,000 ஆகிறது. வருடத்துக்கு 2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்கென்று நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 1,89,000. 36 முதல் 40 வயது வரைக்கும் பெருக்கும் எண் 15. ஆக 28,35,000 ரூபாய். இதற்கு மேல் ஈமச்சடங்குச் செலவு, கணவனை இழந்ததற்கான தொகை, மனு போட்ட நாளிலிருந்து வட்டி எல்லாம் தனி. 5 லட்சத்தை இந்த 28 லட்சத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

164 யாருக்குத்தான் சரி? தவறு நம் ஆள் பக்கமே அதிகம், சாட்சிகளும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றால், அல்லது இறந்தவர் வயது முதிர்ந்தவர், வருமானக் கணக்குப் போட்டாலும் 5 லட்சத்தைத் தாண்டாது என்றால், அப்போது அது நல்ல வழி. சம்பாதிக்கிற வயதில் ஒருவரை இழந்த வீட்டுக்கு 166-தான் என்பது என் உறுதியான கருத்து. சட்டத்தில் அதற்கு 6 மாதக் கெடு இருக்கிறது. தாமதத்தை ஏற்பார்களா மாட்டார்களா என்ற வாதத்துக்குள் போகாமல், அதற்குள்ளேயே மனுவைப் போட்டுவிடுங்கள்.

166 மனுவை எங்கே போடுவது என்பதிலும் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்றில்லை, மனுதாரர் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் பெங்களூருவில் வேலை பார்க்கிறார்கள்! ஓசூரில் நடந்தாலும் சித்தூரில் நடந்தாலும், வேலூரில் இருக்கிற பெற்றோர் வேலூரிலேயே எம்.சி.ஓ.பி., அதாவது இந்த இழப்பீட்டு மனுவைப் போடலாம். வெளியூருக்கு வாய்தாவுக்கு வாய்தா ஓட வேண்டாம்.

சரி, வக்கீல்? வெளியே தனியாக வக்கீல் வைப்பதா, இலவச சட்ட உதவிக்குப் போவதா என்பதுதான் எங்கள் வீட்டில் பெரிய விவாதமாக நடந்தது. இலவசம் என்றால் தரம் இருக்காது என்று என் தம்பி சொன்னான். நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நானும் அண்ணியும் போனோம். வருமானச் சான்று கேட்பார்கள் என்று நினைத்துப் போனேன், கேட்கவில்லை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 1987-ம் வருட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு வருமானம் பார்க்காமலே உதவி தருகிறது. அண்ணி பெண் என்ற ஒரே தகுதி போதுமானதாக இருந்தது. 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம்.

தம்பி சொன்னதில் பாதி உண்மை இருந்தது. பட்டியலில் இருக்கிற வக்கீல்களுக்கு ஆணைக்குழு தரும் தொகை குறைவு, கையில் வேலையோ அதிகம். எங்களுக்கு முதலில் வந்தவர் இரண்டு வாய்தாவுக்கு வரவில்லை. எழுதிக் கொடுத்தோம், மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டாவதாக வந்த வக்கீல் அம்மா மிக நன்றாக நடத்தினார். தனி வக்கீலிடம் நேரடிக் கவனம் கிடைக்கும். கை கால் போய்ப் பிழைத்திருக்கும் வழக்குகளில், ஊனத்தின் சதவீதம், எதிர்கால மருத்துவச் செலவு என்று மருத்துவரையே சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும்போது, அனுபவமுள்ள தனி வக்கீல் நிச்சயம் கூடுதல் பலம். ஆனால் வருகிற தொகையில் இத்தனை சதவீதம் என்று பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். தீர்ப்புத் தொகையில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. 28 லட்சத்தில் கால் பங்கு என்றால் 7 லட்சம், அது அந்தப் பிள்ளைகளின் படிப்பு. பிணவறை வாசலில் டீ வாங்கிக் கொடுத்தவர் பின்னால் ஃபோனில் பேசியதும் அந்தக் கால் பங்கைத்தான். மரண வழக்கு, சம்பளத்துக்கோ தொழில் வருமானத்துக்கோ ஆதாரம் இருக்கிறது, எஃப்.ஐ.ஆர். தெளிவு என்றால் சட்ட உதவியே போதும் என்பேன். யாரை வைத்தாலும் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு ஜெராக்ஸ் உங்களிடம் இருக்கட்டும். வங்கிப் பாஸ்புக்கும் செக் புத்தகமும் உங்கள் பீரோவை விட்டு வெளியே போகவே கூடாது.

எங்கள் வழக்கு ஆட்டம் கண்டது வக்கீலால் இல்லை, ஒரு வார்த்தையால். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய பையன், "என்ன ஆச்சு?" என்று அங்கே இருந்தவர்கள் கேட்டபோது, "வண்டியிலிருந்து விழுந்துட்டார்" என்று பதற்றத்தில் சொல்லியிருக்கிறான். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலான ஏ.ஆர். காப்பியில் அது 'பைக்கில் இருந்து தானாக விழுந்ததாக' என்று ஏறிவிட்டது. குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டினார். டீக்கடைக்காரர் வந்து சாட்சி சொல்லித்தான் அதைத் தாண்டினோம். அடிபட்டவரைக் கொண்டுபோகும்போது "இந்த இடத்தில் இந்த வண்டி இடித்தது" என்றே சொல்லுங்கள். வண்டி தெரியாவிட்டால் "அடையாளம் தெரியாத வண்டி இடித்தது" என்று சொல்லுங்கள். அப்படி உதவி செய்பவரைப் பெயர் சொல்லவோ சாட்சியாக வரவோ யாரும் கட்டாயப்படுத்த முடியாது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைக் காப்பாற்றுகிறது.

எல்லா மரணத்துக்கும் எதிரே ஒரு வண்டி இருப்பதில்லை. பள்ளத்தில் ஏறியோ நாய் குறுக்கே வந்தோ தானே விழுந்து இறந்தால், ஓட்டியவர் வண்டிச் சொந்தக்காரராக இருந்தால், அவருடைய பாலிசியிலேயே 15 லட்சத்துக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். லைசென்ஸ் நடப்பில் இருந்திருக்க வேண்டும். வருடா வருடம் அதற்குப் பணம் கட்டியும், இப்படி ஒன்று இருப்பது தெரியாமல் பாலிசித் தாளை மடித்து வண்டிக்குள்ளேயே வைத்திருக்கிற வீடுகள் ஏராளம். பின்னால் உட்கார்ந்து போனவர் நிலைதான் பாவம். அந்த பைக்குக்கு வெறும் ஆக்ட் பாலிசி, அதாவது மூன்றாம் நபருக்கான கட்டாயக் காப்பீடு மட்டும் இருந்தால், அதிலிருந்து அவருக்குக் கிடைப்பது மிகவும் கஷ்டம். அடுத்த முறை பாலிசி புதுப்பிக்கும்போது, பின்னால் மனைவியை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் பின்னால் உட்காருபவருக்கான காப்பீட்டையும் கேட்டு வாங்குங்கள்.

அரசு பஸ் மோதியிருந்தால் எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் கம்பெனியாக இருக்காது, போக்குவரத்துக் கழகமே நேரடியாகக் கட்ட வேண்டும். தீர்ப்பு வந்த பிறகும் பணம் வராமல், நிறைவேற்று மனு போட்டு, கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து பஸ்ஸை ஜப்தி செய்கிற செய்தியை நாமெல்லாம் படித்திருக்கிறோம். தீர்ப்போடு வழக்கு முடியும் என்று நினைக்காமல், அதற்கும் சேர்த்து மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

கடைசியாக லோக் அதாலத், அதாவது மக்கள் நீதிமன்றம். அங்கே முடித்தால் அதற்கு மேல் இரண்டு தரப்பும் மேல்முறையீடு போக முடியாது. கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். தீர்ப்பாயத்தில் ஜெயித்தால் கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், அங்கே இன்னும் சில வருடங்கள். அதனால் லோக் அதாலத்தில் கொஞ்சம் குறைத்து வாங்குவதில் தவறே இல்லை. எப்போது போகிறோம் என்பதுதான் முக்கியம். எஃப்.ஐ.ஆர். மட்டும் கையில் இருக்கும்போது போனால், கம்பெனி சொல்வதுதான் தொகை. குற்றப்பத்திரிகை, விபத்து நடந்த இடத்தின் ரஃப் ஸ்கெட்ச், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, போஸ்ட்மார்ட்டம் சான்று, வாரிசுச் சான்று, வருமானத்துக்கு ஆதாரம் எல்லாம் ஃபைலில் ஏறி, சாட்சியும் முடிந்த பிறகு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். நம் கணக்கில் அஞ்சில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கச் சொன்னால் எழுந்து வந்து வழக்கை நடத்தலாம், அதற்குள் என்றால் முடித்துக்கொள்ளலாம் என்பது நான் போட்டுக்கொண்ட அளவு.

எங்களுக்கு முதல் லோக் அதாலத்தில் அவர்கள் சொன்ன தொகை நம் கணக்கில் பாதிக்கும் கீழே. அண்ணி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டவில்லை, அவரும் எழுந்துவிட்டார். சாட்சி விசாரணை முடிந்து அடுத்த லோக் அதாலத் வந்தபோது, முன்னால் சொன்னதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்குக்கு வந்தார்கள். "இதுக்கு மேல அப்பீல் எதுவும் போவாங்களா?" என்று அண்ணி அந்த பெஞ்சிலேயே கேட்டார். போக முடியாதம்மா என்று நீதிபதி சொன்ன பிறகு, முழுத் தாளையும் ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

பிள்ளைகள் இரண்டு பேரின் பங்கும் 18 வயது வரைக்கும் வங்கியில் வைப்புத்தொகையாக இருக்கிறது. வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அண்ணி எடுத்துக்கொள்கிறார். சின்னவனின் ஸ்கூல் ஃபீஸ் இந்த ஜூனில் அதிலிருந்துதான் கட்டினோம்.